இரண்டு மணி நேரமா, ஓர் இரவா, கடையா? கொழும்பு வீட்டுக்கு ஏற்ற பிரெஞ்சுப் பாண்

ஓவன் வாங்கிய வீடுகளில் கேக்குக்கு அடுத்தபடியாக வரும் ஆசை, வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெதுவாகவும் நீளமான ஒரு பிரெஞ்சுப் பாண். ஆசையோடு குழப்பமும் சேர்ந்தே வரும். இரண்டு மணி நேரத்தில் சுடலாம் என்கிறது ஒரு செய்முறை. முதல் நாள் இரவே கொஞ்ச மாவைக் கரைத்து வை என்கிறது இன்னொன்று. குழைக்கவே வேண்டாம், கிளறி பிரிட்ஜில் வைத்தால் போதும் என்கிறது மூன்றாவது. இவ்வளவு பாடு எதற்கு, காலி வீதியில் இறங்கினால் வாங்கலாமே என்று வீட்டில் ஒருவர் சொல்லுவார். இந்த நான்குக்கும் நடுவில் நின்று "எதைச் செய்யட்டும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கொழும்பு வீடுகளுக்கு, முதல் நாள் இரவு கொஞ்ச மாவைக் கரைத்து வைக்கும் முறைதான் நல்லது. கூடுதல் வேலை ஐந்து நிமிடம், கிடைக்கும் மணமோ மிக அதிகம். ஆனால் எல்லா நாளுக்கும் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலில், பிரெஞ்சுப் பாண் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பிரான்சில் 1993ஆம் ஆண்டு வந்த அரச ஆணைப்படி, பாரம்பரியப் பிரெஞ்சுப் பாண் என்ற பெயரில் விற்கும் பாணுக்குக் கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மா, இவைதான் அடிப்படை. இரசாயனச் சேர்மானம் கூடாது, குழைத்த மாவை உறைய வைக்கவும் கூடாது. சீனி, எண்ணெய், பால், முட்டை எதற்கும் அதில் இடமில்லை. இணையத்தில் "விரைவான பிரெஞ்சுப் பாண்" என்று வரும் செய்முறைகள் பலவற்றில் ஒரு மேசைக்கரண்டி சீனியும் எண்ணெயும் இருக்கும். அது மெதுவான, இனிப்புச் சாயலுள்ள அமெரிக்கப் பாணி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பிழையில்லை. ஆனால் சொதியில் தோய்த்தால் உடனே கரைந்துபோகும். நான் இங்கே பேசுவது சீனியும் எண்ணெயும் போடாத பாணைப் பற்றி.

நான்கு வழிகளையும் இந்த ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

கை வேலை எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு? இரண்டும் ஒன்றல்ல. பிரிட்ஜில் 20 மணி நேரம் கிடக்கும் மாவுக்கு உங்கள் கை கால் மணி நேரம்தான் தேவைப்படும். இரண்டு மணி நேரப் பாணோ, அந்த இரண்டு மணி நேரமும் உங்களை வீட்டிலேயே கட்டிப் போடும்.

மணமும் ருசியும். மா பொங்குவது ஈஸ்ட் விடும் வாயுவால். ருசி வருவது வேறு வழியில். மாவிலுள்ள நொதியங்கள் மாச்சத்தை மெல்ல மெல்லச் சீனியாக உடைக்கின்றன, கூடவே சிறிதளவு அமிலங்களும் மணப்பொருட்களும் உருவாகின்றன. இதற்கு நேரம்தான் தேவை. ஈஸ்ட்டைக் கூட்டிப் போட்டால் பொங்குவதை விரைவுபடுத்தலாம், ருசியை விரைவுபடுத்த முடியாது.

மேலோடு. எப்படி மொறுமொறுப்பாய் வரும் என்பதைவிட, எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும் என்பதுதான் நமக்குப் பெரிய கேள்வி. கடலோரக் காற்றின் ஈரம் மேலோட்டை இரண்டு மூன்று மணி நேரத்திலேயே துவள வைத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு. கரண்ட், பாதி பாவித்துக் கெட்டுப்போகும் ஈஸ்ட், பிரிட்ஜில் இடம், தொடர்மாடி வீட்டின் சின்னக் குசினியில் ஏறும் வெக்கை.

இடையில் ஏதாவது தவறினால் காப்பாற்றலாமா? விருந்தாளி ஒரு மணி நேரம் பிந்துவார். கரண்ட் போகும். 2022இல் மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது நிலைமை அப்படியில்லைதான். ஆனாலும் பொங்கி நிற்கும் மாவுக்கு அரை மணி நேர மின்தடையே போதும்.

## எல்லா வழிக்கும் பொதுவான ஒரு விஷயம்: நம் வெக்கை

பாண் செய்முறைகளில் பெரும்பாலானவை 20, 22 பாகை குசினிகளுக்காக எழுதப்பட்டவை. நம் குசினி பகலில் 30 பாகை. அதனால் அவர்கள் சொல்லும் "ஒன்றரை மணி நேரம் பொங்க விடவும்" நமக்கு 45 நிமிடமாகிவிடும். "இளஞ்சூடான தண்ணீர்" நமக்குத் தேவையே இல்லை. குழாயில் வருவதே போதிய சூடு.

பிரெஞ்சுப் பேக்கரிகளில் ஒரு கணக்கு உண்டு. அறையின் வெப்பம், மாவின் வெப்பம், தண்ணீரின் வெப்பம் மூன்றையும் கூட்டினால் குறித்த ஒரு தொகை வரவேண்டும். குழைத்து முடித்த மா 24 பாகை அளவில் இருப்பதுதான் நோக்கம். கையால் குழைப்பவருக்கு அந்தக் கூட்டுத்தொகையை ஏறத்தாழ 70 என்று வைத்துக்கொள்ளலாம். நம் அறை 30, அலுமாரியில் இருக்கும் மா 30. ஆகவே தண்ணீர் 10 பாகையில் இருக்கவேண்டும். அதாவது பிரிட்ஜ் தண்ணீர். ஆறுதலாகப் பொங்கவேண்டிய பாணுக்கெல்லாம் பிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே, "மா ஒட்டிக்கொண்டு வருகிறது, பிடிக்கவே முடியவில்லை" என்ற முறைப்பாட்டில் பாதி போய்விடும்.

ஈஸ்ட்டுக்கும் நம் காற்று எதிரி. பக்கெற்றைத் திறந்தால் மிச்சத்தை இறுக்கமான சின்னப் போத்தலில் போட்டு பிரீசரில் வையுங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நுரை வராவிட்டால் அந்த ஈஸ்ட்டை நம்பி அரைக் கிலோ மாவை வீணாக்க வேண்டாம்.

## வழி 1: அன்றே குழைத்து அன்றே சுடும் பாண்

அளவு: கோதுமை மா 500 கிராம், தண்ணீர் 320 மில்லிலீற்றர், உப்பு 9 கிராம், உடனடி ஈஸ்ட் 2 தேக்கரண்டி. குழைக்க 10 நிமிடம், பொங்க 45 நிமிடம், இரண்டாகப் பிரித்து உருட்டி நீட்ட 10 நிமிடம், திரும்பப் பொங்க 25 முதல் 30 நிமிடம், 220 முதல் 230 பாகையில் சுட 25 நிமிடம். இரண்டு மணி நேரம் என்பது ஓவனில் இருந்து இறங்கும் நேரம். குறைந்தது 20 நிமிடம் ஆறவேண்டும் என்பதைச் செய்முறைகள் சொல்லாமல் விடுகின்றன. சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசின்போல ஒட்டும்.

இதன் பலம் விரைவு. மாலை நான்கு மணிக்கு நினைத்தால் ஏழு மணிக்கு மேசையில் இருக்கும். முதல் தடவை சுடுபவருக்கும் இதுதான் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் மா எப்படி மாறுகிறது என்பதை ஒரே மூச்சில் பார்த்துப் படிக்கலாம்.

குறை என்னவென்றால், ஆறிய பிறகு ருசி மங்கிவிடும். சூடாக இருக்கும்போது மணக்க மணக்கச் சாப்பிடலாம். அடுத்த நாள் காலையில் அதே பாணில் ஈஸ்ட் வாடை மட்டும்தான் மிஞ்சும். காற்றறைகளும் சின்னச் சின்னதாய் ஒரே சீராக இருக்கும். மறைந்திருக்கும் செலவு ஈஸ்ட்டில்தான், மற்ற வழிகளைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு செலவாகும். இன்னொன்று, இதற்குப் பொறுமை கிடையாது. 30 பாகை அறையில் இரண்டாம் முறை பொங்கும் மாவை 15 நிமிடம் கூடுதலாக விட்டாலே அளவு மீறும். கீறும்போதே உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் மாவை ஒரு தரம் அமுக்கி, மறுபடி உருட்டி பிரிட்ஜில் தள்ளுங்கள். ஒரு மணி நேரம் தாங்கும்.

எப்போது இது சரி: ஆட்டிறைச்சிக் கறியோ மீன் குழம்போ அடுப்பில் இருக்கிறது, நான்கைந்து பேர் இருக்கிறார்கள், சுட்ட பாண் அந்த இரவே முடிந்துவிடும். அப்படியென்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். கறிக்குழம்பு நல்ல உறைப்பாக இருக்கும்போது பாணின் நுண்ணிய மணம் யாருக்கும் தெரியப் போவதில்லை.

## வழி 2: முதல் நாள் இரவு கரைத்து வைக்கும் மா

பிரெஞ்சுக்காரர் பூலிஷ் என்று சொல்லும் முறை இது. சம எடை மாவும் தண்ணீரும், துளி ஈஸ்ட்டும் சேர்த்து இரவு முழுக்கப் புளிக்க விட்டு, காலையில் மிச்ச மாவோடு சேர்த்துக் குழைப்பது. அப்பத்துக்கு மா கரைத்து வைத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாகப் படிக்க ஒன்றுமேயில்லை. பதமும் அதேதான், காலையில் மூடியைத் திறந்ததும் வரும் மணமும் அதேதான்.

இரவு பத்து மணிக்கு 150 கிராம் மா, 150 மில்லிலீற்றர் பிரிட்ஜ் தண்ணீர், ஈஸ்ட் ஒரு சிறு சிட்டிகை. சிட்டிகை என்றால் உண்மையிலேயே சிட்டிகை, விரல் நுனியில் ஒட்டும் அளவு. வெளிநாட்டுச் செய்முறை கால் தேக்கரண்டி என்று சொன்னால் நம் வெக்கையில் அது அதிகாலை இரண்டு மணிக்கே பொங்கி அடங்கிப்போகும். ஒரு கரண்டியால் கலக்கி, இரண்டு மடங்கு உயர இடமுள்ள பாத்திரத்தில் மூடி வையுங்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை.

காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்கச் சின்னக் குமிழிகள், ஒன்றிரண்டு உங்கள் கண் முன்னாலேயே உடையும். நடுப்பகுதி மெல்லக் குழிவிழத் தொடங்கியிருக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் மா ஏறி இறங்கிய கோடு தெரியும். இனிப்பும் மெல்லிய புளிப்பும் கலந்த மணம். இதுதான் பதம். அந்தக் கோடு நன்றாக மேலே இருந்து மா வெகுதூரம் கீழே இறங்கியிருந்தால், மணம் சாராயம்போல மூக்கில் ஏறினால், நேரம் தாண்டிவிட்டது. அப்போதும் கொட்ட வேண்டாம், பாண் கொஞ்சம் புளிக்கும், உயரம் குறையும், அவ்வளவுதான். அடுத்த முறை ஈஸ்ட்டைப் பாதியாக்குங்கள்.

இதனுடன் 350 கிராம் மா, 175 மில்லிலீற்றர் தண்ணீர், 9 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்துக் குழைத்து, ஒரு மணி நேரம் பொங்க விட்டு, நீட்டி, 35 நிமிடம் விட்டுச் சுடலாம். அதாவது சுடும் நாளில் எடுக்கும் நேரம் வழி 1ஐவிட 20, 25 நிமிடம் மட்டுமே கூட. இதனால்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன். "விரைவா, ருசியா" என்று கேட்பவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் மாவின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மட்டும் இரவில் வேலை செய்தாலே போதும், முழுப் பாணிலும் அந்த ருசி ஏறிவிடும். குழைக்கும்போதும் வித்தியாசம் தெரியும். மா இழுபட்டுக் கொடுக்கும், நீட்டும்போது சுருங்கித் திரும்பி வராது. சாதாரணக் கோதுமை மாவிலேயே இந்த இழுவை கிடைக்கும். பாணுக்கென்று விற்கும் புரதம் கூடிய மா கிடைத்தால் இன்னும் நல்லது.

உப்பின் அளவைச் சும்மா சொல்லவில்லை. பரிஸ் நகரின் சிறந்த பகெத் (நீளமான பிரெஞ்சுப் பாண்) போட்டியில் ஒரு கிலோ மாவுக்கு 18 கிராம் உப்பு என்பது விதி. அரைக் கிலோவுக்கு 9. அந்தப் போட்டியில் 2023இல் முதலிடம் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. வென்றவர் ஓராண்டுக்குப் பிரெஞ்சு ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்குப் பாண் கொடுப்பார். 2022இல் பகெத் பாணின் கைவினையை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த அடுத்த வருடமே அதில் நம்மவர் ஒருவர் முதலாவதாக வந்தது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம். பரிஸ் போட்டிப் பாணுக்கும் வேண்டியது மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் என்ற இந்த நாலு சாமான்தான். நம் குசினியில் எல்லாமே இருக்கின்றன.

குறை என்ன? முதல் நாளே ஞாபகம் இருக்கவேண்டும். நினைத்த மாத்திரத்தில் முடியாது. காலையில் வேலைக்கு ஓடுபவர்களுக்குப் பதமான நேரம் கையில் கிடைக்காது. அதற்கு வழியுண்டு. காலையில் பதம் வந்ததும் பாத்திரத்தோடு பிரிட்ஜில் வைத்துவிட்டு, மாலை வந்ததும் மிச்ச மாவைச் சேர்த்துக் குழையுங்கள்.

எப்போது இது சரி: பாணே முக்கியமாக இருக்கும் சாப்பாட்டுக்கு. பட்டர் மட்டும் பூசி, அல்லது பருப்பும் சம்பலும் மட்டும் வைத்துச் சாப்பிடும்போது. மிச்சம் அடுத்த நாள் காலைக்கும் வேண்டும் என்றால்.

## வழி 3: குழைக்காமல் பிரிட்ஜில் வைக்கும் பாண்

குழைக்காத பாணை உலகம் முழுக்கப் பரப்பியது நியூயோர்க் பேக்கரிக்காரர் ஜிம் லேஹியின் முறை. 2006இல் அங்கே ஒரு பத்திரிகையில் வந்த பிறகு வீட்டுக்கு வீடு பரவியது. கால் தேக்கரண்டி ஈஸ்ட் போட்டுக் கிளறி, 12 முதல் 18 மணி நேரம் வெளியே வைத்து, மூடியுள்ள கனமான சட்டிக்குள் சுடுவது. நேரமே குழைக்கும் வேலையைச் செய்துவிடும். மாவிலுள்ள பசைத்தன்மை தண்ணீரில் ஊறித் தானாகவே இழையோடும்.

இதை அப்படியே கொழும்பில் செய்யாதீர்கள். 18 மணி நேரம் நம் மேசையில் கிடந்தால் மா புளித்து நீர்த்துப்போகும். இங்கே பிரிட்ஜ்தான் வழி. 500 கிராம் மா, 360 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீர், 9 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். கரண்டியால் கிளறி, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, பிறகு பிரிட்ஜில். 12 மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் சுடலாம்.

தவறினால் காப்பாற்றலாமா என்ற கேள்வியில் இதுதான் முதலிடம். கரண்ட் போனாலும், விருந்தாளி நாளைக்கு என்றாலும், மா காத்திருக்கும். மூட்டு வலியுள்ளவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், குழைக்க வேண்டிய பாடே இல்லை. ருசி வழி 2க்குச் சமம், இரண்டாம் நாளில் ஒரு படி மேல்.

ஆனால் தண்ணீர் கூடிய மா இது. நீளமான வடிவத்துக்குப் பிடித்து வராது, பரவிவிடும். பிரெஞ்சுப் பாணின் உருவம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதல் சில தடவை ஏமாற்றமாக இருக்கும். சட்டிக்குள் உருண்டையாகச் சுட்டால் பிரமாதமாக வரும். பிரிட்ஜில் பெரிய பாத்திரத்துக்கு இடம் வேண்டும் என்பதும் சின்னக் குடும்பப் பிரிட்ஜ்களில் பெரிய விஷயம்தான்.

எப்போது இது சரி: உங்கள் நேரம் உங்கள் கையில் இல்லாதபோது.

## வழி 4: கடையில் வாங்குவது

இதைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. சுப்பர்மாக்கெட்டுகளிலும் சில பேக்கரிகளிலும் நீளமான பிரெஞ்சுப் பாண் கிடைக்கிறது. பிரச்சினை பாணில் இல்லை, பையில்தான். சூடு ஆறமுன் பொலித்தீனுக்குள் போனால் மேலோடு அங்கேயே செத்துவிடும். கடதாசிப் பையில் உள்ளதைத் தேடுங்கள், அல்லது அப்படித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, 200 பாகையில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். அதைச் சூட்டோடேயே சாப்பிட வேண்டும், இரண்டாம் தரம் அது வராது.

இன்னொன்றும் உண்டு. போறணையில் சுட்ட றோஸ் பாணை நாம் மறந்துவிடுகிறோம். தட்டையாக, இரண்டு பக்கமும் பொரிந்தாற்போல இருக்கும் அந்தப் பாண், பின்னேரம் புதிதாக இறங்கும் நேரத்தில் வாங்கினால், மேலோடு வேண்டும் என்ற ஆசையை விலை கூடிய பிரெஞ்சுப் பாணைவிட நன்றாகவே தீர்க்கும். போறணையின் கல் தளம் தரும் அடிச்சூட்டை நம் மேசை ஓவனால் எட்டவே முடியாது.

எப்போது இது சரி: வேலை நாள் இரவுகளில், பத்துப் பேருக்கு மேல் விருந்து என்றால், ஓவன் 20 லீற்றருக்கும் சின்னதென்றால்.

பாண் இயந்திரத்தைப் பற்றியும் கேட்பார்கள். அது அச்சுப் பாணுக்கு நல்லது. பிரெஞ்சுப் பாணுக்கு அதைக் குழைக்க மட்டும் பாவிக்கலாம், அதற்காக அவ்வளவு காசு கொடுக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | அன்றே சுடுவது | இரவு கரைத்தது | பிரிட்ஜ் பாண் | கடைப் பாண் |
|---|---|---|---|---|
| கை வேலை | 30 நிமிடம் | 35 நிமிடம் | 15 நிமிடம் | போய் வரும் நேரம் |
| தொடக்கத்திலிருந்து சாப்பிடும்வரை | இரண்டரை மணி நேரம் | ஓர் இரவும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரமும் | 14 மணி நேரம் முதல் இரண்டு நாள் | உடனே |
| ருசி | சூட்டில் மட்டும் நல்லது | ஆறினாலும் நல்லது | மிக நல்லது | கடையைப் பொறுத்தது |
| நீள வடிவம் | எளிது | எளிது | கடினம் | தயாராக இருக்கும் |
| ஈஸ்ட் | 2 தேக்கரண்டி | 1 தேக்கரண்டிக்குச் சற்று மேல் | அரைத் தேக்கரண்டி | இல்லை |
| கரண்ட் போனால் | சிரமம் | ஓரளவு சமாளிக்கலாம் | கவலையில்லை | கவலையில்லை |
| அடுத்த நாள் | சுமார் | வாட்டினால் நல்லது | நல்லது | சுமார் |

## காசும் கரண்டும்

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து வீட்டில் பாண் சுட வேண்டாம். அரைக் கிலோ மாவில் சுட்டு முடிந்ததும் ஏறத்தாழ 700 கிராம் பாண் வரும், அதாவது ஒன்றரை இறாத்தல். 1600 வாட் ஓவனை முன்சூட்டுக்கும் சேர்த்து 45 நிமிடம் போட்டால், இடைவிடாமல் எரிந்தாலும் 1.2 யூனிட்தான். ஒரு தடவைக்கு அது பெரிதல்ல. மாதப் பாவனை கூடக் கூட யூனிட் விலையே ஏறும் கட்டண முறை நமது. ஏசியும் ஹீற்றரும் ஓடும் வீட்டில் அந்த 1.2 யூனிட் மிக விலை கூடிய படியில் போய் விழும். அதனால் ஓவனைப் போடும் நாளில் இரண்டு பாணையும் ஒன்றாகச் சுடுங்கள். ஆறியதும் ஒன்றைத் துண்டாக்கி பிரீசரில் வையுங்கள். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாச்சத்து மிக விரைவாக இறுகி, பாண் காய்ந்ததுபோல ஆகும்.

சாதாரண பாணோடு ஒப்பிட்டால் வீட்டுப் பாண் மலிவாக இராது. விலை கூடிய நீளப் பாணோடு ஒப்பிட்டால்தான் உங்கள் கணக்கு வெல்லும்.

## மேலோட்டுக்கு ஆவி

எந்த வழியில் குழைத்தாலும் கடைசி 25 நிமிடத்தில் மேலோட்டைத் தீர்மானிப்பது ஆவிதான். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மேற்பரப்பு ஈரமாக இருந்தால் பாண் விரிய இடமிருக்கும், மேலே உள்ள மாச்சத்து வெந்து பளபளப்பான மெல்லிய ஓடாக மாறும். ஓவனுக்குள் சூடான தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் செய்முறைகள் பெரிய ஓவன்களுக்கானவை. மேசை ஓவனில் அதைச் செய்தால் கண்ணாடிக் கதவில் தெறித்து வெடிக்கக்கூடும். காஸ் ஓவனிலோ ஆவி முழுக்கத் துவாரத்தால் போய்விடும். பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத அலுமினியச் சட்டி ஒன்றைப் பாணின் மேல் கவிழ்த்து மூடுங்கள். மாவிலிருந்து வரும் ஈரமே போதும். 12 நிமிடத்தில் எடுத்துவிட்டு மிச்ச நேரம் திறந்து சுடுங்கள். இதற்காகப் பாணின் நீளத்தைச் சட்டிக்கேற்ப 25, 30 சென்ரிமீற்றராக வைத்துக்கொள்ளுங்கள். கீறுவதற்குப் புதுச் சவர பிளேட், சாய்வாகப் பிடித்து, ஒரே இழுப்பில். தட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் வெற்றுச் சத்தம் தரவேண்டும்.

## சனி இரவு 7 மணிக்கு விருந்து என்றால்

பரிஸிலிருந்து லீவில் வரும் உறவினருக்குப் பாண் சுட வேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். பரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம் தினமும் பகெத் வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு அன்றே குழைத்த பாணை வைக்காதீர்கள். வித்தியாசம் அவர்களுக்கு முதல் கடியிலேயே தெரியும். வழி 2ஐ இந்த நேரத்துக்குப் பிரியுங்கள்.

வெள்ளி இரவு 10 மணிக்கு மா கரையுங்கள். சனி காலை 6 மணிக்குப் பதம் பார்த்து பிரிட்ஜில் வையுங்கள். பின்னேரம் 4 மணிக்கு அதை எடுத்து மிச்ச மாவோடு குழையுங்கள். கரைத்த மா குளிர்ந்திருப்பதால் இந்தத் தடவை குழாய்த் தண்ணீரே போதும். 4.15 முதல் 5.15 வரை பொங்க விடுங்கள். பிறகு இரண்டாகப் பிரித்து, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து நீட்டுங்கள். 5.40க்கு ஓவனைப் போடுங்கள். 6.05க்குக் கீறி உள்ளே வையுங்கள். 6.30க்கு எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள், துணியால் மூட வேண்டாம், மூடினால் ஆவி மேலோட்டுக்குள்ளேயே திரும்பிவிடும். சொதியைச் சூடாக்கி, சம்பலை இடித்து வைத்தால் 7 மணிக்கு வெட்டலாம். அவர்கள் 8 மணிக்கு வந்தால், வெட்டாமல் வைத்திருந்து, பரிமாற முன் 200 பாகையில் நான்கு நிமிடம் மட்டும் காட்டுங்கள்.